டீசல் மானியம் முழுவதும் தடை என்பது சரியல்ல

உலக வணிக அமைப்பின் மீன்வள மானிய ஒப்பந்தம் அமலுக்கு வந்துவிட்டதால் மீனவர்களுக்கான டீசல் மானியம் எல்லாமே இனி சட்டவிரோதம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஒப்பந்தம் 2025 செப்டம்பர் 15-ல் அமலுக்கு வந்தது உண்மைதான். ஆனால் அதில் அப்படியொரு ஒட்டுமொத்தத் தடை இல்லை.

ஒப்பந்த வாசகம் அந்த அமைப்பின் இணையதளத்திலேயே இருக்கிறது, சில பக்கங்கள்தான். 3, 4, 5 ஆகிய பிரிவுகளைப் பாருங்கள். சட்டவிரோத மீன்பிடிப்பு, அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்ட மீனினங்கள், எந்தக் கட்டுப்பாடும் இல்லாத ஆழ்கடல் பகுதி ஆகியவற்றுக்குத் தரும் மானியத்தைத்தான் அவை தடுக்கின்றன. அதிலும் 4.3-ஐ நிதானமாகப் படியுங்கள்: குறைந்துபோன மீன்வளத்தை மீட்கும் ஏற்பாட்டோடு வரும் மானியத்துக்கு அங்கே இடம் இருக்கிறது. வளரும் நாடுகளுக்கு, தங்கள் 200 கடல் மைல் எல்லைக்குள், முதல் இரண்டு ஆண்டுகளுக்குச் சலுகையும் உண்டு.

அப்புறம், ஏற்றுக்கொண்ட நாடுகளை மட்டுமே இது கட்டுப்படுத்தும். அந்தப் பட்டியலும் அங்கேயே இருக்கிறது. இந்தியா அதில் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

மலிவு டீசலும் பெரிய எஞ்சின்களும் கடலில் படகுகளின் நெரிசலைக் கூட்டி மீன்வளத்தைக் கரைக்கின்றன என்ற அவருடைய கவலை நியாயமானது, எனக்கும் அது உண்டு. ஆனால் படகுத் திறனைப் பெருக்கும் மானியங்களுக்கான பொது விதிகளில் 2022-ல் ஜெனீவாவில் இந்த ஒப்பந்தம் ஏற்கப்பட்டபோது உடன்பாடு எட்டப்படவில்லை. அவை தனிப் பேச்சுவார்த்தைக்குத் தள்ளிவைக்கப்பட்டன.