எதிர் வீட்டுக்காரர் யாரென்று தெரியாத தெரு

எங்கள் மனைப்பிரிவின் மூன்றாவது குறுக்குத் தெருவில் சென்ற மாதம் ஒரு வீட்டில் திருட்டு நடந்தது. நள்ளிரவில் அல்ல, காலை 11 மணிக்கு. இரண்டு பேர் ஒரு குட்டியானை சரக்கு வண்டியை வாசலில் நிறுத்தி, தொலைக்காட்சிப் பெட்டி, இன்வெர்ட்டர் பேட்டரி, கேஸ் சிலிண்டர் என்று ஒவ்வொன்றாக நிதானமாக ஏற்றியிருக்கிறார்கள். எதிர் வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மா அதை முதலிலிருந்து கடைசி வரை பார்த்திருக்கிறார். "வீடு காலி பண்றாங்கன்னு நெனச்சேன் சார்" என்று அவர் போலீசாரிடம் சொன்னபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். இரண்டு ஆண்டுகளாக எதிரும் புதிருமாகக் குடியிருந்தும், அந்த வீட்டில் இருப்பவர் சொந்தக்காரரா வாடகைக்காரரா என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, ஏனென்றால் எனக்கும் தெரியாது.

கூடுவாஞ்சேரிக்கு அப்பால், வங்கிக் கடனையும் நகைக் கடனையும் சேர்த்து மனை வாங்கி, வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி வீடு எழுப்பிய நூற்றுச் சொச்சம் குடும்பங்கள் இங்கே இருக்கிறோம். திருட்டு நடந்த அன்று மாலைக்குள் வாட்ஸ்அப் குழுவில் இருநூறு செய்திகள் குவிந்தன. தெரு முனையில் கேட் போட வேண்டும், இன்னும் பத்து கேமரா வேண்டும் என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். மனைப்பிரிவு ஒப்புதலுக்காகத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்துவிட்ட சாலை பொதுச் சாலை, அதை மறித்து நம் இஷ்டத்துக்குக் கேட் போட முடியாது என்று சொன்னால் காது கொடுத்துக் கேட்க ஆளில்லை. கேமரா ஏற்கெனவே நான்கு இருக்கிறது. போலீசார் பதிவைக் கேட்டு வந்தபோதுதான், மனை விற்றவர்கள் தங்கள் அலுவலகத்தைக் காலி செய்த நாளோடு பதிவுப் பெட்டியின் மின் இணைப்பும் போய்விட்டது என்பது எங்களுக்கே தெரிந்தது. ஓராண்டாக அந்த நான்கு கேமராக்களும் எதையும் பதிவு செய்யவில்லை. ஓராண்டில் ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை.

என்னை இதைவிடக் கொதிக்க வைத்தது வேறு. சாட்சி இல்லை, தடயம் இல்லை, ஆனாலும் அரை மணி நேரத்துக்குள் "ஷெட்டில் தங்கியிருக்கும் இந்திக்காரங்க வேலைதான் இது" என்று குழுவில் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். போன மழைக்காலத்தில், மூடி போடாத மழைநீர்க் கால்வாயில் இருட்டில் இடறி விழுந்த எழுபது வயதுப் பெரியவரின் குரல் கேட்டு ஓடிவந்து தூக்கியவர்கள் அந்த ஷெட்டில் இருந்த தொழிலாளர்கள்தான். தெருப் பெயர்ப் பலகையும் வரிசையான கதவு எண்ணும் இல்லாததால் வழி தெரியாமல் 108 வண்டி நுழைவு வளைவிலேயே நின்றபோது, செல்போன் வெளிச்சத்தைக் காட்டிக்கொண்டு முன்னால் ஓடி அதை அழைத்து வந்தவரும் அவர்களில் ஒருவர்தான். அப்போது ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்துவிட்டு மூடியவர்கள் இப்போது அவர்களைத் திருடர்கள் என்கிறார்கள்.

தெருவிளக்குக் கதை தனி வேதனை. 22 கம்பங்களில் எரிவது 6. மனை விற்றவர்களைக் கேட்டால், எல்லாவற்றையும் ஊராட்சியிடம் ஒப்படைத்துவிட்டோம் என்கிறார்கள். ஊராட்சியில் கேட்டால், விளக்குகளை முறைப்படி எங்களிடம் ஒப்படைக்கவில்லை என்கிறார்கள். மின்வாரிய அலுவலகத்தில், பணம் கட்டுவது யாரென்று முடிவு செய்துகொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக மீதி நிலத்தில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும் என்பது விதி. அப்படி எங்களுக்குப் பூங்கா என்று வரைபடத்தில் பச்சை அடித்துக் காட்டிய இடத்தில் சீமைக் கருவேலம் ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடக்கிறது. பிள்ளைகள் விளையாட வேண்டிய இடத்தில் பாம்புச் சட்டை கிடக்கிறது. மாலையில் நாலு பெரியவர்கள் உட்கார்ந்து பேச ஒரு திண்ணை இருந்திருந்தால், யார் எந்த வீடு என்பது தானாகத் தெரிந்திருக்கும்.

இதையெல்லாம் கேட்க வேண்டிய இடம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு 6 முறை அது கூடுகிறது. சென்ற கூட்டத்துக்கு எங்கள் மனைப்பிரிவிலிருந்து போனவர்கள் மூன்று பேர். அங்கே இருந்த ஊர்ப் பெரியவர் ஒருவர், "உங்க ஓட்டு இங்க இருக்காப்பா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறே இல்லை, கிராம சபை என்பதே அந்த ஊராட்சியின் வாக்காளர்களுக்கானது. எங்களில் பாதிப் பேரின் ஓட்டு இன்னமும் மடிப்பாக்கத்திலும் அம்பத்தூரிலும் கிடக்கிறது. வீடு மாறியவர்கள் படிவம் 8 கொடுத்தால் முகவரியை மாற்றிக்கொள்ளலாம், கைப்பேசியிலேயே முடிகிற வேலை. ஓட்டில்லாத தெருவின் விளக்கைப் பற்றி எந்த வார்டு உறுப்பினர் கவலைப்படப் போகிறார்?

குடியிருப்போர் சங்கம் இல்லாததும் இப்படித்தான். தனியாக உள்ளூர்ச் சட்டம் இல்லாத இடங்களில், வாங்குபவர்களில் பெரும்பாலோர் மனையை முன்பதிவு செய்த 3 மாதத்துக்குள் வாங்கியவர்களின் சங்கம் அமைய வழி செய்வது விற்பவரின் கடமை என்று 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் சொல்கிறது. விற்றவர்கள் அதைச் செய்யவில்லை, அவர்களை நான் மன்னிக்கப் போவதில்லை. ஆனால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி நாமே ஒரு சங்கம் தொடங்க 7 பேர் போதும். நூறு வீட்டுக்கு மேல் இருக்கும் இடத்தில் 7 கையெழுத்துக்காக மூன்று வாரமாக வீடு வீடாக ஏறி இறங்குகிறேன். "நீங்க பாருங்க சார், நாங்க சப்போர்ட் பண்றோம்" என்று பாதி திறந்த கதவுக்குப் பின்னால் நின்றே சொல்லி அனுப்புகிறார்கள்.

இதுவரை நான்கு கையெழுத்து வந்திருக்கிறது. நான்காவது, மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அந்த அம்மாவுடையது. வருகிற ஞாயிறு மாலை 5 மணிக்கு மேல்நிலைத் தொட்டி அருகே நானும் அவரும் மற்ற இருவரும் நிற்போம். இன்னும் மூன்று பேர் வர வேண்டும்.