இறங்க மறந்த நிலையம்

நேற்று மாலை கோலாலம்பூரின் பங்சாரில் எல்ஆர்டி ரயில் ஏறியவன் வங்சா மாஜுவில் இறங்காமல் கோம்பாக் வரை போய்விட்டேன். தூங்கிவிடவில்லை. காதில் ஒரு நாடகத்தின் கடைசிப் பகுதி ஓடிக்கொண்டிருந்தது. பசார் செனியைத் தாண்டி ரயில் நிலத்துக்கடியில் நுழைந்தபோது கதையும் நிலத்துக்கடியில் ஒரு நகரத்தில் நடந்துகொண்டிருந்தது. ஓட்டுநர் இல்லாத ரயிலில் உட்கார்ந்து இப்படியொரு கதையைக் கேட்டிருக்கக் கூடாது.

நாடகத்தின் பெயர் 'ஸ்பேர் பார்ட்ஸ்'. 'டாக்டர் ஹூ' என்ற பிரிட்டிஷ் அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடரை வைத்து பிக் பினிஷ் நிறுவனம் 2002இல் வெளியிட்ட ஒலி நாடகம். எழுதியவர் மார்க் பிளாட். முடிவைச் சொல்லாமல் இதைப் பற்றிப் பேச என்னால் முடியாது. கேட்க நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

சைபர்மேன்கள் என்ற பாதி இயந்திர மனிதர்கள் உருவான கதை இது. அவர்கள் முதலில் தொலைக்காட்சியில் வந்தது 1966இல். அவர்களைக் கற்பனை செய்த இருவரில் ஒருவரான கிட் பெட்லர் மருத்துவ ஆராய்ச்சியாளர். கெட்டுப்போன உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் எந்த இடத்தில் மனிதன் மனிதனாக இல்லாமல் போகிறான் என்பதுதான் அவருடைய பயம். பிளாட் அந்தப் பயத்தை எடுத்துக்கொண்டு போய் ஒரு சாதாரண வீட்டின் கூடத்தில் வைத்துவிட்டார்.

மொண்டாஸ் என்ற கிரகம் சூரியனை விட்டு விலகி எங்கோ இருளில் மிதந்துபோகிறது. மிச்சமிருக்கும் மக்கள் நிலத்தடி நகரத்தில் வாழ்கிறார்கள். மேலே போய் வேலை செய்தால்தான் கிரகம் பிழைக்கும். ஆனால் அங்குள்ள குளிரை மனித உடல் தாங்காது. அதனால் உடலை மாற்றுகிறார்கள். மாற்றிய பிறகு தாங்கள் என்ன ஆகிவிட்டோம் என்பதை மனம் தாங்குவதில்லை. அதனால் உணர்ச்சியையும் அடக்கிவிடுகிறார்கள். எல்லாமே வைத்தியம்தான். வலிக்கிறதா, வலியை எடுத்துவிடுகிறோம், அவ்வளவுதான். கொடூரச் சிரிப்போடு உலகை ஆளக் கிளம்பிய ஒருவனும் இதில் இல்லை. திட்டத்தை நடத்தும் மருத்துவப் பெண்மணிகூட, தான் செய்வது என்னவென்று தெரிந்தேதான் குடித்துக்கொண்டிருக்கிறார்.

ஹார்ட்லி என்றொரு குடும்பம். மகனுக்கு அந்த வேலைக்குப் போக ஆசை. அழைப்பு வருவதோ நோயாளியான மகள் யுவோனுக்கு. பிறகு ஒருநாள் உலோக உருவம் ஒன்று வீட்டுக்குள் வந்து நிற்கிறது. உள்ளே இருப்பது யார் என்பது அப்பாவுக்கு மெல்ல மெல்லப் புரிகிறது. 1966இன் அந்த ஏறியிறங்கும் விசித்திரக் குரலைத்தான் இதிலும் பயன்படுத்தியிருக்கிறார்கள். அந்த இயந்திரக் குரலுக்குள் ஒரு பெண்ணின் குரல் வழிதேடும்போது, திரையில் பார்த்திருந்தால் இவ்வளவு தாக்கியிருக்காது என்று தோன்றியது. ரப்பர் உடையைப் பார்த்துச் சிரித்திருப்போம். சிறுவயதில் அம்மா துணி தேய்த்துக்கொண்டே வானொலி நாடகம் கேட்டு அழுவதைக் கேலி செய்திருக்கிறேன். அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

குறையும் உண்டு. தொடக்கம் மெதுவாக நகர்கிறது. 1950களின் இங்கிலாந்து வாடை வீசும் அந்த உலகமும் பேச்சும் பழகுவதற்குள் யார் யாரென்று குழம்பி, முதல் பகுதியை இரண்டு முறை கேட்டேன்.

சண்டை பிடிக்க வேண்டியது முடிவைப் பற்றித்தான். கதாநாயகன் தோற்கிறானே, இதற்கா இவ்வளவு நேரம் என்று நண்பர் ஒருவர் அலுத்துக்கொண்டார். தோற்பது மட்டுமா? மாற்று உறுப்புகளை உடல் ஏற்க மறுக்கும் சிக்கலுக்கு விடை, கதாநாயகனான 'டாக்டர்' என்பவரின் உடலிலிருந்தே கிடைக்கிறது. தடுக்க வந்தவனையே அச்சாக வைத்து வார்க்கிறார்கள். ஏதோ நல்லது செய்துவிட்ட நம்பிக்கையோடு அவர் கிளம்பிப் போகிறார். போனபின் வேலை மறுபடி தொடங்குகிறது. இதைவிட நேர்மையான முடிவு இந்தக் கதைக்குக் கிடையாது. ஒரு பொத்தானை அழுத்தி எல்லோரையும் காப்பாற்றியிருந்தால், கோளாறு இயந்திரத்தில்தான் இருந்தது என்று நாமும் நிம்மதியாகத் தூங்கியிருப்போம்.

எனக்குத் தூக்கம் வராததற்கு வேறு காரணம் இருக்கிறது. மலேசியாவில் ஆரம்பப் பள்ளி முடிவில் எழுதும் யுபிஎஸ்ஆர் தேர்வை 2021இல் ஒழித்தார்கள். அதற்கு முந்தைய சில ஆண்டுகள் நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு 8 தாள்கள். முடிவு வந்த மறுநாள் பத்திரிகையில் 8ஏ எடுத்தவர்களின் படங்கள் வரிசையாக வரும். என் அக்கா மகள் 7ஏ, 1பி. அன்று அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். அவளுக்கு 12 வயது. அக்காவும் மாமாவும் திட்டவில்லை. வீட்டில் யாரும் குரலை உயர்த்தவில்லை. விடியற்காலை டியூஷன், இரவு டியூஷன், நடுவில் சத்து மாத்திரை, எல்லாமே அவள் நன்மைக்காகத்தான் நடந்தது. நான் தொலைபேசியில் அழைத்தேன். வாழ்த்துச் சொல்லியிருக்கலாம். "அந்த ஒரு பி எந்தப் பாடம்மா?" என்று கேட்டேன். பதில் வரவில்லை, சிறிது நேரம் மூச்சு மட்டும் கேட்டது.

கோம்பாக்கில் இறங்கி எதிர்ப்பக்க ரயிலுக்குக் காத்திருந்தபோது நினைவுக்கு வந்தது அந்த மூச்சுதான்.

இப்போது அவள் கல்லூரி மாணவி. இரவு அந்த நாடகத்தை அனுப்பி வைத்தேன். இன்று மதியம் அழைத்தாள். மகள் வீடு திரும்பும் காட்சியோடு நிறுத்திவிட்டாளாம், கடைசிப் பகுதி வேண்டாமாம். வேறு என்னவோ பேசிக்கொண்டிருந்தோம், பினாங்குப் பயணம், பாட்டியின் முழங்கால் வலி என்று. வைக்கப்போகும் நேரத்தில் சொன்னாள்:

"அறிவியல், மாமா. நீங்கள் அன்றைக்குக் கேட்டீர்களே."