அம்மாவின் பிறந்தநாளும் வெட்டிப்போட்ட நூடுல்ஸும்

நேற்று அம்மாவுக்கு 65 முடிந்தது. ஒரு மாதம் முன்பே நானும் தம்பியும் பேசி வைத்து, எல்லோரும் போட்டோ போட்டு ஆகா ஓகோ என்று எழுதுகிற ஒரு ஆசிய உணவகத்தில் மேசை பிடித்திருந்தோம். பெயர் வேண்டாம். ஆனால் மனசு ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. சீனர்கள் பிறந்தநாளன்று நீள நூடுல்ஸ் சாப்பிடுவார்கள், சாங்ஷோ மியான் என்று பெயர், இழையின் நீளம் ஆயுளின் நீளம் என்று நம்பிக்கை, அதனால் அதை வெட்டவே மாட்டார்கள். இதை எங்கேயோ படித்துவிட்டு, "எனக்கும் அதை வாங்கிக் குடுடி" என்று சின்னப்பிள்ளை மாதிரி கேட்டிருந்தார். போனில் முன்பதிவு செய்யும்போதே சொன்னேன். "கண்டிப்பா செஞ்சு தர்றோம் மேடம்" என்றார்கள்.

முன்பதிவு இருந்தும் வாசலில் நாற்பது நிமிடம் நின்றோம். அம்மாவுக்கு மூட்டு வலி, ஒரு நாற்காலி கேட்டேன், வரவில்லை. உட்கார்ந்த உடனே முதல் வார்த்தை, "ஒன்றரை மணி நேரத்துல டேபிள் விட்டுடணும்."

அந்த ஒன்றரை மணி நேரத்துக்காக எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொண்டுவந்து கொட்டினார்கள். இதெல்லாம் நிமிடக் கணக்கில் சாப்பிட வேண்டிய சாப்பாடு. இறால் டிம் சம் என்பது ஆவியில் வேகிற, நம்ம கொழுக்கட்டை மாதிரியான சீனப் பலகாரம்; அதன் மேல்தோல் கோதுமை ஸ்டார்ச்சில் செய்வது, சூட்டில் கண்ணாடி மாதிரி இருக்கும், ஆறினால் விறைத்துவிடும். எங்கள் கூடையைத் திறந்தால் ஆவியே இல்லை, மூடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர்தான் சொட்டியது. தம்பி ஒன்றைக் குச்சியால் தூக்கினான், தோல் அடியில் விரித்த காகிதத்தோடு ஒட்டிக்கொண்டு இறால் மட்டும் கீழே விழுந்தது. சூஷி சாதம் உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும், இது ஃப்ரிட்ஜில் இருந்து வந்து பல்லில் கூசியது. ராமென் என்கிற ஜப்பானிய சூப் நூடுல்ஸ் மேசைக்கு வரும்போதே ஊறிப் பருத்துவிட்டது. ஃப்ரைட் ரைஸைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், ஆறி உலர்ந்த சாதத்தைப் பெருந்தீயில் புரட்டினால்தான் அந்தப் புகை வாசம் வரும், தென்சீனாவின் கான்டனீஸ் மொழியில் அதற்கு வொக் ஹே என்று தனிப் பெயரே உண்டு. எங்களுக்கு வந்தது சோயா சாஸில் நிறம் ஏறிய குழைந்த சாதம்.

கடைசியாக அம்மாவின் நூடுல்ஸ். அம்மா ஆசையாகக் குச்சியை நுழைத்துத் தூக்கினார். எல்லாம் விரல் நீளத் துண்டுகள். இன்னொரு தடவை அடியிலிருந்து கிளறித் தூக்கிப் பார்த்தார், அதுவும் துண்டுதான். என்னைப் பார்த்து, "இதுதானாடி அது?" என்றார்.

பரிமாறிய பையனைக் கூப்பிட்டேன். "சாப்பிட வசதியா இருக்கும்னு கட் பண்ணிட்டாங்க மேடம்" என்றான். அவன்மேல் எனக்குக் கோபமே இல்லை, ஒற்றை ஆளாக எட்டு மேசைக்கு ஓடிக்கொண்டிருந்தான். போனில் சரி என்று சொன்னவர் சமையலறையில் போய் ஒரு வார்த்தை சொல்லவில்லையே, அதுதான் கோபம்.

ஜப்பான், சீனா, தாய்லாந்து, கொரியா, வியட்நாம் எல்லாம் ஒரே மெனுவில் இருக்கிறது. சூஷி சாதம் ஒன்றைச் சரியாகப் பிடிக்கவே ஆட்கள் வருடக்கணக்கில் பழகுகிறார்கள். புளியும் மீன் சாஸும் பனை வெல்லமும் சேர வேண்டிய பாட் தாய் என்கிற தாய்லாந்து நூடுல்ஸ், இங்கே தக்காளி சாஸ் இனிப்பில் இருந்தது. ஐந்து நாட்டுச் சமையலை ஒரே அடுப்படியில் வைத்து, ஒரு நாற்காலிகூடக் காலியாக இல்லாமல் ஆட்களையும் நிரப்பினால் இப்படித்தான் ஆகும். கூட்டம் வருகிறது என்பதற்காகச் சமைக்க முடிகிற அளவைத் தாண்டி முன்பதிவு வாங்குவது தப்பு, எத்தனை ஸ்டார் வாங்கியிருந்தாலும் தப்புதான்.

முன்னாடியே கொடுத்து வைத்திருந்த கேக் பில்லோடு சேர்ந்து வந்தது. அடுத்த மேசைக்காரர்கள் எங்கள் முதுகுக்குப் பின்னால் காத்து நிற்க, அம்மா அவசரமாக மெழுகுவர்த்தியை ஊதினார். "பரவாயில்லை விடு, எல்லாரும் ஒண்ணா இருந்தோமே" என்றார். காரில் ஏறியதும், அங்கே வேறு என்னதான் சாப்பிட்டார் என்று யோசித்துப் பார்த்தேன், எதையும் இரண்டு வாய்க்குமேல் எடுக்கவில்லை.

வர்ற ஞாயிறு, நூடுல்ஸ் மட்டும் கையால் இழுத்துப் போடுகிற ஒரு சின்னக் கடைக்கு அம்மாவைக் கூட்டிப்போகிறேன். இந்தத் தடவை போன் இல்லை, நேரில் போய்ச் சமைக்கிறவரிடமே சொல்லிவிட்டு வந்தாச்சு.