தோட்டக்காரர் நனைந்தது 1895-ல்

ஸ்லாப்ஸ்டிக் படங்கள், அதாவது விழுவது, அடிபடுவது போன்ற சேட்டைகளால் சிரிக்க வைக்கும் படங்கள், 1912-ல் அமெரிக்காவின் கீஸ்டோன் ஸ்டூடியோவில்தான் பிறந்தன என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கீஸ்டோன் அதைப் பரப்பியது உண்மைதான், ஆனால் பிரான்ஸ் முந்திவிட்டது. 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் திரைப்பட முன்னோடிகளான லூமியேர் சகோதரர்கள் காட்டிய படங்களில் ஒன்றைப் பாருங்கள். தோட்டக்காரர் செடிக்குத் தண்ணீர் விடுகிறார். பின்னால் வந்த பையன் குழாயை மிதிக்கிறான். தண்ணீர் ஏன் நின்றது என்று அவர் குழாய் முனையை உற்றுப் பார்க்க, பையன் காலை எடுக்கிறான். அப்புறம் என்ன, முகமெல்லாம் தண்ணீர், பையனுக்குப் பின்பக்கம் அடி! (பாவம், அவன் ஓடிப் பார்த்தான்.)

யூடியூபில் 'லூமியேர் 1895 தோட்டக்காரர்' என்று தேடுங்கள். ஒரு நிமிடம்கூட ஓடாது. பாதே என்ற பிரெஞ்சுப் பட நிறுவனத்தின் நகைச்சுவை நடிகர்கள் மாக்ஸ் லிண்டர், ஆந்த்ரே தீத் படங்களின் ஆண்டுகளையும் பாருங்கள், 1912-க்கு முன்பே நிறைய இருக்கும்.