லெட் போடுவது பெருந்தன்மை இல்லை

ஞாயிற்றுக்கிழமை நம் டென்னிஸ் கோர்ட்டில் என்ன நடந்தது என்று இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு வாட்ஸ்அப் குரூப்பில் ஓடிய கதை தெரியும். அந்தக் கதையில் நான் ஒரு பாயிண்டுக்காக ஊரைக் கூட்டியவன். எதிரே ஆடியவர், தாராள மனசோடு "சரி, லெட் போட்டுக்கலாம்", அதாவது அந்தப் பாயிண்டைத் திரும்ப ஆடலாம், என்று சொன்னவர். இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். நேற்று ஒருவர் "ஸ்போர்ட்ஸ்மேன்ஷிப்னா இதுதான்" என்று அவரைப் பாராட்டி, கூடவே மூன்று கைகூப்பும் பொம்மை போட்டார் பாருங்கள், அதற்கு மேல் முடியவில்லை.

தோற்ற வயிற்றெரிச்சல் என்பீர்கள். தோற்றதற்காக எழுதவில்லை. (சரி, கொஞ்சம் அதற்காகவும்தான்.)

நடந்தது இதுதான். நாங்கள் 5-4 முன்னிலை. அவர்கள் சர்வ், 30-40. எங்களுக்கு செட் பாயிண்ட், இந்தப் பாயிண்டை எடுத்தால் செட் எங்களுடையது. என் பார்ட்னர் ரேக்கெட் பிடித்தே மூன்று மாதம்தான் ஆகிறது. நெட்டுக்கு ஏறி வந்திருந்த இரண்டு பேர் தலைக்கும் மேலே ஒரு லாப் தூக்கினாள். அவள் அடித்து நான் பார்த்த முதல் நல்ல லாப். அந்த இரண்டு பேரில் ஒருவரான நம் சார், லெட் புகழ் சார், திரும்பி ஓடினார். பந்து விழுந்தபோது அவர் சர்வீஸ் லைனைத்தான் தாண்டியிருந்தார். அங்கிருந்து பந்து விழுந்த பேஸ்லைன், அதாவது கடைசிக் கோடு, 18 அடி. முகம் மேலே, கால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு. பந்து குதித்து, பின் வேலியில் மோதி, உருண்டு நின்றது. அவரும் நின்றார். திரும்பி எங்களைப் பார்த்தார். அப்புறம்தான் அவுட் என்று விரல் மேலே போனது.

"பார்த்தீங்களா சார்?" என்று கேட்டேன். சத்தியமாக அவ்வளவுதான் கேட்டேன்.

"பார்த்த மாதிரிதான் இருந்துச்சு." அவர் பார்ட்னரோ "எனக்குத் தெரியல" என்றார். உடனே சார் பெஞ்சைப் பார்த்துக் கேட்டார். பெஞ்சில் ஒருவர் வெளியே என்றார், இன்னொருவர் லைன் என்றார், மூன்றாமவர் போனிலிருந்து தலையையே எடுக்கவில்லை. அதற்குப் பிறகுதான் அந்தப் பொன்மொழி: "சந்தேகம்னா லெட் போட்டுக்கலாமே, என்ன இப்போ?"

லெட் போட்டோம். பாயிண்ட் போனது, செட் 7-5 என்று போனது. அவருக்கு நல்ல பெயர் வந்தது.

இப்போது நிதானமாகவே சொல்கிறேன். நடுவர் இல்லாத ஆட்டத்தில் அவரவர் பக்கத்துக் கோட்டை அவரவர்தான் சொல்ல வேண்டும். அந்த அதிகாரத்தோடு ஒரு கடனும் சேர்ந்தே வருகிறது: சந்தேகம் என்றால் பாயிண்ட் எதிராளிக்கு. இதை நான் வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்கவில்லை. நடுவர் இல்லாத ஆட்டங்களுக்கென்றே அமெரிக்க டென்னிஸ் சங்கம் 'தி கோட்' என்று ஒரு கையேடு வைத்திருக்கிறது. பந்து 99 சதவீதம் வெளியே விழுந்தாலும் அது 100 சதவீதம் நல்ல பந்து என்று அதில் இருக்கிறது. ஒரு மயிரிழை கோட்டில் பட்டால் போதும். டபுள்ஸில் ஒருவர் அவுட் என்று சொல்லி, பார்ட்னர் இன் என்றால் பந்து இன். பெஞ்சில் இருப்பவரைக் கேட்கவே கூடாது. உறுதியாகத் தெரியவில்லை என்பதற்காக ஒரு பாயிண்டைத் திரும்ப ஆடவும் கூடாது. தெரியவில்லையா, பந்து இன். கதை முடிந்தது.

அதாவது ஞாயிற்றுக்கிழமை லெட்டுக்கு இடமே இல்லை. அவர் விட்டுக்கொடுத்ததாக நீங்கள் நினைப்பது எங்கள் கையில் இருந்த பாயிண்ட். அதைப் பிடுங்கி, பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வள்ளல் என்று பெயர் வாங்கினால் நான் கைதட்ட வேண்டுமா?

இந்த இடத்தில் டென்னிஸ் தெரிந்த ஒருவர் கட்டாயம் ஸ்வீடன் வீரர் விலாண்டரைக் கொண்டு வருவார். 1982 பிரெஞ்சு ஓபன் அரையிறுதி, மேட்ஸ் விலாண்டருக்கு 17 வயது. மேட்ச் பாயிண்டில் எதிரே ஆடிய கிளெர்க் அடித்த பந்தை அவுட் என்று சொல்லி ஆட்டத்தை முடித்துவிட்டார்கள். பையன் நடுவரிடம் போய், இப்படி ஜெயிக்க வேண்டாம், திரும்ப ஆடுகிறோம் என்றான். "பாருங்க, அவரே ரீப்ளே ஆடலையா?" ஆடினார்தான். ஆனால் அவர் திருப்பிக் கொடுத்தது தன் பாயிண்டை. ஜெயித்து முடித்த ஆட்டத்தை! 2005இல் ரோமில் அமெரிக்க வீரர் ரோடிக் செய்ததும் அதுதான். மேட்ச் பாயிண்டில் வெர்டாஸ்கோவின் செகண்ட் சர்வை அவுட் என்றார்கள். இல்லை, இன் என்று ரோடிக்கே சொன்னார். கடைசியில் அந்த ஆட்டத்தில் தோற்றும் போனார். நம் சார் எதைத் திருப்பிக் கொடுத்தார்?

"ஜாலிக்கு ஆடறதுக்கு எதுக்குய்யா ரூல்?" இது இரண்டாவது கேள்வி, குரூப்பில் பதினோரு தம்ஸ்-அப் வாங்கியது. ஜாலிதானே, அப்போது அந்தப் பாயிண்டை எங்களுக்கே விட்டிருக்கலாமே? ஜாலி ஏன் எப்போதும் ஒரே பக்கமாகச் சாய்கிறது? பெரிய ஆட்டங்களில் இப்போது மெஷின் பார்த்துக்கொள்கிறது. விம்பிள்டனிலேயே 2025இல் லைன் நடுவர்களை எடுத்துவிட்டார்கள். நமக்கு மெஷினும் கிடையாது, நடுவரும் கிடையாது. இருப்பது நம் கண்ணும் வாயும்தான்.

"நீ மட்டும் யோக்கியமா?" இல்லை. இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆட ஆரம்பித்த இரண்டாம் வருடம். என்னைவிட முப்பது வயது மூத்தவர் ஒருவரோடு சிங்கிள்ஸ். அவர் சர்வ் நடுக்கோட்டுப் பக்கம் வந்து விழுந்தது, நான் நகரவே இல்லை. நகரவில்லை என்ற வெட்கத்தில் வாய் தானாக "அவுட்" என்றது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த பந்தைப் பாக்கெட்டிலிருந்து எடுத்தார், இரண்டு முறை தட்டினார், செகண்ட் சர்வ் போட்டார். ஆட்டம் முடிந்து ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டே கேட்டார்: "தம்பி, அந்த பந்துக்கும் கோட்டுக்கும் நடுவுல தரை தெரிஞ்சுதா?" எனக்குப் பதில் வரவில்லை. "தரை தெரிஞ்சா அவுட். தெரியலைன்னா அவுட் இல்ல" என்று சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். கையேட்டிலும் கிட்டத்தட்ட இதே விஷயம் இருக்கிறது என்று பல வருடம் கழித்துத்தான் பார்த்தேன். கோட்டைக் குறுக்கே பார்க்கிறவன் கண்ணைவிட, கோட்டின் நேரே நின்று பார்க்கிறவன் கண்தான் சரியாகச் சொல்லும் என்றும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கோட்டின் நேரே யாருமே இல்லை. சாருக்கு 18 அடி தள்ளித் தரை தெரிந்ததா? பார்த்த மாதிரிதான் இருந்துச்சாம்.

அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. அவர் நல்ல மனிதர்தான். அந்த நேரத்தில் அவர் கண்ணுக்கு அவுட் என்று தோன்றியிருக்கலாம், நமக்கு வேண்டியது கண்ணுக்குத் தெரிவது எல்லோருக்கும் நடக்கிறதுதான். அதனால்தான் சந்தேகம் எதிராளிக்கு என்று வைத்திருக்கிறார்கள். இதைச் சொன்னால் "அவரு சீனியர், அவர்கிட்டப் போய்..." என்கிறீர்கள். சீனியர் என்றால் கோடு அரை அடி உள்ளே தள்ளி வந்துவிடுமா?

பேச ஆரம்பித்துவிட்டேன், மீதியையும் சொல்லிவிடுகிறேன். பாயிண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்னால் குறுக்கே நடந்து போகிறவர்கள். பந்தை சர்வ் போடுகிறவர் கைக்கு அனுப்பாமல் நெட் பக்கம் தட்டிவிட்டு, அவரைப் பொறுக்கவைக்கிறவர்கள். ஸ்கோரை சர்வ் போடுகிறவர் உரக்கச் சொன்னால் ஒழிந்துபோகும் பாதிச் சண்டை. அதைச் சொல்ல யாருக்கும் வாய் வராது. புதிதாக வந்தவர்களோடு ஒரு செட் ஆடச் சொன்னால் திடீரென்று முட்டி வலிக்கிறவர்கள், நாலு பேரும் கெட்டிக்காரர்கள் என்றால் அதே முட்டியோடு மூன்று செட் ஓடுகிறவர்கள். இதையெல்லாம் நான் சொன்னால் "அம்பயர் வந்துட்டார்". ஆமாம், எனக்கு வைத்திருக்கிற பெயர் தெரியும். இரண்டு வருடமாகத் தெரியும். சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

புதன்கிழமை நாலாவது ஆள் தேவைப்பட்டபோது எனக்கு மெசேஜ் வரவில்லை என்பதையும் கவனித்தேன். பரவாயில்லை. வேறு யாராவது கிடைத்திருப்பார்கள், நாலு பேருக்கு நடுவில் ஒரு குறையும் இல்லாமல் லெட் போட்டு ஆடியிருப்பீர்கள். என் வீட்டில் இரண்டு டப்பா புதுப் பந்து பிரிக்காமல் இருக்கிறது. போன மாதம் பந்து கொண்டுவருகிற முறை யாருடையது என்று யாருக்கும் ஞாபகம் இல்லாதபோது, நான் வாங்கி வைத்தவைதான்.

எனக்கு உறுத்துவது இந்தக் கூத்தெல்லாம்கூட இல்லை. கோர்ட்டில் வாக்குவாதம் நடந்தபோது அந்தப் பெண், என் பார்ட்னர், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. "விடுங்கண்ணா" என்று மட்டும் இரண்டு தடவை சொன்னாள். ராத்திரி மெசேஜ் வந்தது: "அண்ணா, இனிமே லாபை ஒரு அடி உள்ளே விழற மாதிரி அடிச்சுப் பழகட்டுமா? பிரச்சினையே வராதுல்ல?"

வேண்டாம்மா, அதே இடத்துலயே அடி என்று பதில் போட்டேன்.