திக்காமல் படித்தால் போதுமா?

ஒரு பாப்பா திக்காமல் கடகடவென்று படிக்க, பெரியவர்கள் கைதட்டும் வீடியோ ஒன்று. அதற்குக் கீழே நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "பாப்பா படித்ததில் என்ன இருந்தது என்று அவளிடம் கேட்டீர்களா?" அதற்குத்தான் நேற்று இரவு முழுக்க வயிற்றெரிச்சல்காரி, பிள்ளையைப் பாராட்ட மனசு வராதவள் என்று ஏச்சு.

பாப்பாவை நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நிமிடத்துக்கு எத்தனை சொல் என்று கடிகாரம் பார்த்துக் கைதட்டிய பெரியவர்களைத்தான் கேட்டேன். வேகமாகப் படிப்பது வேறு, புரிந்து படிப்பது வேறு.

பதினோரு வருடமாக மாலை நேரத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். 'பத்தியைப் படித்து விடை எழுதுக' பகுதியைப் பலர் எப்படி எழுதுகிறார்கள் தெரியுமா? கேள்வியில் உள்ள ஒரு சொல்லை விரல் வைத்துப் பத்தியில் தேடுவார்கள். கிடைத்ததும் அந்த வரியை அப்படியே இறக்கிவிடுவார்கள். மார்க்கும் விழும்.

போன மாதம் வயலில் ஆட்டுக்கிடை போடுவது, அதாவது ராத்திரியில் ஆடுகளை வயலில் அடைத்து வைப்பது பற்றி ஒரு பத்தி கொடுத்தேன். ஒரு பையன் கடகடவென்று படித்து முடித்தான். "வயல்காரர் எதுக்குடா ஆட்டுக்காரருக்குக் காசு கொடுக்கிறார்?" என்றேன். "ஆடு மேய்ச்சதுக்கு" என்றான். எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஒரு பெண் மெதுவாகச் சொன்னாள்: "ராத்திரி ஆடு அங்க படுத்தா புழுக்கையும் மூத்திரமும் உரமாகும்ல மிஸ்." பத்தியில் அது இல்லவே இல்லை. அவள் வீட்டில் ஆடு இருக்கிறது.

1988இல் அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் பேஸ்பால் ஆட்டம் பற்றிய ஒரு பகுதியைப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தும் ஆட்டம் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசிக்கத் தெரிந்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். என் வகுப்பில் நடந்ததும் அதுதான்.

"எழுத்தே கூட்டத் தெரியாத பிள்ளைக்கு என்ன புரியும்?" என்கிறார்கள். சரி, நியாயம். எழுத்தோடு மல்லுக்கட்டும்போது பொருள் கைநழுவிப் போகும். சரளம் வேண்டும்தான். ஆனால் அது வாசற்படி. அங்கேயே உட்கார வைத்து மாலை போடுகிறீர்களே!

"புரிந்ததா என்று கேட்க வகுப்பில் நேரம் ஏது" என்கிறவர்களுக்கு: கடிகாரம் பிடிக்க நேரம் இருந்ததே. 1984இலேயே பாலின்சார், பிரவுன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் புரிந்து படிக்க வைக்க வழி எழுதி வைத்துவிட்டார்கள். இரண்டு பத்திக்கு ஒருமுறை நிறுத்துங்கள். அடுத்து என்ன வரும், எந்த இடம் புரியவில்லை, நீயே ஒரு கேள்வி கேள், உன் வார்த்தையில் சுருக்கிச் சொல். அப்புறம் பிள்ளைகளே முறைவைத்து டீச்சராகிக் கேட்கட்டும். பத்து நிமிடம் போதும்.

பொறாமை என்றவர்களுக்கு இதையும் சொல்கிறேன். எட்டாம் வகுப்பில் வாசிப்புப் போட்டியில் எனக்குத்தான் முதல் பரிசு. அந்த வருடம் நகைக்கடன் பற்றி வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. திண்ணையில் உட்கார்ந்து கணீரென்று படித்தேன். "என்ன சொல்லியிருக்கான்?" என்று அம்மா கேட்டாள். "கடன் இருக்குன்னு சொல்லியிருக்காங்க" என்றேன். 'தவறும்பட்சத்தில்', 'ஏலம்' எல்லாம் என் வாயில்தான் வந்தன. கெடு முடிந்து அம்மாவின் இரண்டு வளையலும் போயின.

அந்தக் கமெண்ட்டை அழிக்கச் சொல்லி இன்று காலைகூட ஒருவர் போன் செய்தார். அழிக்க மாட்டேன். பாப்பாவிடம் கேட்டுப் பாருங்கள்.