5 மி.லி. என்பது மட்டும் அளவு ஆகாது
“சீட்டில் 5 மி.லி. என்று இருந்தால் எந்த கம்பெனி மருந்தானாலும் அதே 5 மி.லி. கொடுக்கலாம்” என்று குழந்தைகளுக்கு சிரப் கொடுப்பது பற்றிய கட்டுரையில் எழுதியிருப்பதை அப்படியே ஏற்க முடியவில்லை. மெடிக்கல் ஷாப் கவுன்ட்டரில் நிற்பவள் நான். குழந்தைகளுக்கு அதிகம் எழுதப்படும் அமாக்சிசிலின்-கிளாவுலனேட் என்ற ஆன்டிபயாடிக் சிரப்பே 5 மி.லி.க்கு 228.5 மி.கி., 457 மி.கி. என்று இரண்டு வீரியத்தில் வருகிறது. டப்பாவும் பெயரும் ஏறக்குறைய ஒன்றுதான். முதலாவது இல்லையென்று இரண்டாவதை வாங்கிப்போய் அதே 5 மி.லி. ஊற்றினால் மருந்து இரண்டு மடங்கு. இதுவே தலைகீழாக மாறிப்போனால் பாதிதான் உள்ளே போகும். பிள்ளையின் எடையை வைத்துப் போட்ட கணக்கு அங்கேயே கெட்டது. பொடியாக வரும் இந்த மருந்தில் தண்ணீர் கலப்பதிலும் இதே சிக்கல். பாட்டிலில் உள்ள கோடு வரை ஊற்றிக் குலுக்கினால் நுரை அடங்கியதும் மட்டம் இறங்கிவிடும். மறுபடி கோடு வரை ஊற்றாவிட்டால் மருந்து கெட்டியாகத்தான் இருக்கும். (ஆறவைத்த வெந்நீர்தான், சூடாக அல்ல.) சமையலறை ஸ்பூனால் அளக்கக்கூடாது என்று கட்டுரையே சொல்லிவிட்டது, சரி. மிச்ச மருந்தை ஃபிரிட்ஜில் வைத்து அடுத்த காய்ச்சலுக்குக் கொடுப்பதாக மேலே கருத்து எழுதியவருக்கு: கலக்கிய இந்த சிரப்புக்கு ஃபிரிட்ஜிலேயே 7 நாள்தான் ஆயுள், அடுத்த காய்ச்சல் வைரஸ் காய்ச்சலாக இருந்தால் இது கேட்கவும் கேட்காது. எல்லா ஆன்டிபயாடிக்கும் ஃபிரிட்ஜுக்குப் போகும் என்பதும் தப்பு. கலக்கிய கிளாரித்ரோமைசின் சிரப்பை அதில் வைக்கக்கூடாது, லேபிளைப் பாருங்கள்.